மீரானின் இரண்டாவது காப்பி

என் ஆருயிர் மீரானே, தேக்காவின் பாதிக் கண்களுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டவனே, காப்பியை ஆறவைப்பதில் ஆசியாவிலேயே எதிரியில்லாத வீரனே,

நலமா என்று கேட்கக் கை தானாக ஓடுகிறது. கல்யாண மேடைகளில் மைக் பிடித்தே வயதானவன் நான். வாழ்த்து சொல்லாமல் எனக்கு எந்தப் பேச்சும் தொடங்காது. அங்கே உன் நலத்துக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது? முட்டிவலி போயிருக்கும். மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி பதிந்த அந்தத் தழும்பு மட்டும் என்ன ஆயிற்று, மச்சான்? அது இல்லாமல் உன் முகத்தை எனக்கு நினைக்க வரவில்லை.

இங்கே மழை. சும்மா மழை இல்லை. சிராங்கூன் சாலையில் பேருந்துகள் நீந்திப் போகின்றன. நீச்சல் தெரியாத பேருந்துகளை டிப்போவிலேயே நிறுத்திவைத்துவிட்டார்களாம். இப்படி ஒன்றைச் சொன்னால் "சொக்கு, வாயைக் கழுவு" என்று நீ சொல்வாய். சொல்ல ஆளில்லாததால் நாளுக்கு நாள் என் பொய்கள் பெரிதாகிக்கொண்டே போகின்றன. நேற்று எம்ஆர்டி ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் நான் முன்னாள் தூதர் என்று சொல்லிவிட்டேன். எந்த நாட்டுக்கு என்று அவர் கேட்பதற்குள் நல்லவேளையாக என் நிறுத்தம் வந்துவிட்டது.

இந்தக் கடிதத்தை உன் தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்து இன்னும் சிலர் படிப்பார்கள். அவர்களுக்கு நம் கடையைத் தெரியாது. ஆகவே தெரிந்த கதையையே கொஞ்சம் சொல்வேன், கொட்டாவி விடாதே.

அன்பர்களே, எங்களுடையது தென்கிழக்காசியாவின் மாபெரும் தமிழ்ப் புத்தகக்கடை. நடுவில் நின்று நான் இரு கைகளையும் விரித்தால் ஒரு கை சிறுகதையிலும் மறு கை சமையல் குறிப்பிலும் முட்டும், அவ்வளவு விசாலம். தேக்காவில் ஒரு சந்து, சந்தில் ஒரு சூட்கேஸ் கடை, அதன் பக்கவாட்டில் ஒரு படிக்கட்டு. இமயமலை ஏறப் போகிறவர்கள் இந்தப் படிக்கட்டில்தான் பயிற்சி எடுப்பதாக நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருவர் நம்பியும்விட்டார். மூச்சு வாங்கி மேலே வந்தால் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் கண் பரிசோதனை அட்டை, நான்.

எங்கள் கடையில் பணத்தை நீட்டினால் புத்தகம் கிடைக்காது. முதலில் உட்கார வேண்டும். நான் பில்டர் காப்பி கொண்டுவந்து வைப்பேன், அதற்குக் காசு கிடையாது. பக்கத்தில் நீங்கள் கேட்ட புத்தகத்தை வைப்பேன். முதல் அத்தியாயத்தைப் படிக்கலாம். படித்துத் தலை நிமிரும்போது காப்பி அப்படியே கிடந்து ஆறி, மேலே ஆடை கட்டியிருந்தால் அந்தப் புத்தகத்துக்கும் உங்களுக்கும் பொருத்தம் உண்டு. காசைக் கொடுத்துவிட்டு எடுத்துப் போகலாம். கோப்பை காலியாகியிருந்தால் காப்பியை ரசித்தீர்கள், சந்தோஷம், போய் வாருங்கள். கெஞ்சினாலும் விற்க மாட்டோம். ஒரே புத்தகத்துக்கு மூன்று பேர் கோப்பையைக் காலி செய்துவிட்டால், புத்தகமே கடையை விட்டு வெளியேற வேண்டும். படிக்கட்டின் அடியில் ஒரு மரத்தட்டு இருக்கிறது. அங்கே போய்விடும். வழியே போகிற யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

இந்தச் சட்டத்தை ஏமாற்றப் பார்த்தவர்களும் உண்டு. ஒரு பெரியவர் பல்லைக் கடித்துக்கொண்டு காப்பியைத் தொடாமல் பக்கங்களைப் புரட்டினார். நீ அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணே, உங்க கண்ணு வரியில ஓடல, கோப்பையையே சுத்துது. குடிச்சிடுங்க, பாவம்" என்றாய். அவர் ஒரே மடக்கில் குடித்துவிட்டு உன்னிடமே கண்ணாடி வாங்கிக்கொண்டு போனார். இப்படித்தான் மாமன்னர்களைப் போல வியாபாரம் செய்தோம். மாமன்னர்களைப் போலவே லாபத்தைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை.

சட்டம் பிறந்த கதையையும் சொல்லிவிடுகிறேன்.

மதியம் ஆனதும் கண்ணாடிக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு நீ படியேறுவாய். முதல் காப்பி உனக்கு நின்றபடியே, கொதிக்கக் கொதிக்க. ஊரார் கண்களைப் பற்றிய அன்றைய புகார் முழுவதும் அந்தக் காப்பியோடு வெளியே வரும். "இன்னைக்கு ஒருத்தர் வந்தாரு மச்சான். கிட்டப்பார்வையும் இல்ல, தூரப்பார்வையும் இல்ல. பொண்டாட்டி கண்ணாடி போட்டிருக்காங்க, எனக்கும் ஒண்ணு வேணும்ங்கறாரு." அது முடிந்ததும் இரண்டாவது காப்பியை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு எழுத உட்காருவாய். அப்புறம் உன்னை எழுப்ப அக்கம்பக்கத்துக் கோயில் மேளங்கள் அத்தனையும் சேர்ந்து வந்தாலும் முடியாது.

நான் உன்னைப் பார்ப்பதில்லை. அந்தக் கோப்பையைத்தான் பார்ப்பேன். முதலில் ஆவி நிற்கும். ஓரத்தில் ஒரு வளையம் விழும். பிறகு மெல்ல ஆடை கட்டும், குளிரில் ஏரி உறையும் என்று படங்களில் காட்டுகிறார்களே, அப்படி. சாயங்காலம் நிமிர்ந்து அதைப் பார்ப்பாய். "ஆடை கட்டிருச்சா? அப்ப இன்னைக்கு நல்லா வந்திருக்கு" என்று சொல்லி, அந்த ஆறிய காப்பியை ஒரு முகச்சுளிப்பும் இல்லாமல் குடிப்பாய். சில நாள் எழுதும்போதே கை கோப்பைக்குப் போய்விடும். அன்றைக்கு எழுதியதை நீயே கிழித்துப் போடுவாய்.

காப்பி இல்லாவிட்டால் கலையே இல்லை, காப்பிதான் எழுத்தாளனின் ரத்தம் என்றெல்லாம் எத்தனை மேடைகளில் நான் முழங்கியிருக்கிறேன்! கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். உன் மேசைக்கு எதிரே உட்கார்ந்த பிறகுதான் காப்பிக்கு இன்னொரு உத்தியோகமும் இருப்பது தெரிந்தது. மறக்கப்படுவது. பக்கத்திலேயே இருந்து, வாசனையும் வீசி, நீ தன்னை மறந்துவிட்டாயா இல்லையா என்று சோதித்துக்கொண்டே இருப்பது. எழுதுகிறவனுக்குப் பொருந்துவது படிக்கிறவனுக்கும் பொருந்தும்தானே என்று ஒருநாள் நீ சொன்னாய். மறுநாளே சட்டம் அமலுக்கு வந்துவிட்டது.

இனி இன்றைய செய்தி.

நீ போன பிறகு கடைக்குள் சத்தங்கள் மாறிவிட்டன. கீழே சூட்கேஸ் வாங்க வருகிறவர்கள் சக்கரத்தை உருட்டிப் பார்ப்பார்கள் அல்லவா, அந்தக் கடகடப்பு முன்பு நம் காதில் விழுந்ததே இல்லை. இப்போது சத்தத்தை வைத்தே ஊருக்குப் போகிறவர் யார், ஆசைக்கு உருட்டுகிறவர் யார் என்று சொல்லிவிடுவேன். பேச்சுத்துணைக்கு மேசை மின்விசிறி இருக்கிறது. நான் எது சொன்னாலும் இல்லை இல்லை என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையை ஆட்டுகிறது. உன் சுபாவம் அப்படியே வந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைதான் மோசம். தேக்கா முழுவதும் ஆள்வெள்ளம். கீழே இறங்கினால் தோளோடு தோள் இடிக்காமல் நடக்க முடியாது. ஜன்னலைத் திறந்தால் நாலு ஊர்த் தமிழ் காதில் விழுகிறது, யாரோ யாரையோ "மச்சான்" என்று கூப்பிடுகிறார்கள், நான் திரும்பிப் பார்க்கிறேன். அத்தனை பேரில் ஒருவருக்கும் என் படிக்கட்டு கண்ணில் படுவதில்லை. படிக்கட்டைக் குறை சொல்ல முடியாது. நீ வாசலில் நின்று ஆட்களின் கண்ணைப் பார்த்தே "மேல போங்க, உங்களுக்கு ஒரு புக்கு இருக்கு" என்று அனுப்புவாய். எனக்குக் கண்ணைப் பார்க்கத் தெரியாது, கூட்டத்தைப் பார்க்கத்தான் தெரியும்.

உன் நினைவாகத் தினமும் இரண்டு காப்பி போட்டு வைக்கிறேன் என்று எழுதுவேன் என எதிர்பார்க்காதே. அவ்வளவு மட்டமான நடிகன் இல்லை நான். ஒரு காப்பிதான் போடுகிறேன். ஆனால் நம் பில்டர் அளவு உனக்கே தெரியும், பொடியைக் குறைத்துப் போட்டால் டிகாஷன் இறங்காது. அதனால் தினமும் பாதி மிஞ்சுகிறது. சாயங்காலம் அதைத் தொட்டியில் கொட்டிவிடுகிறேன். கொட்டும்போது சுவரைப் பார்த்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

சில மாதங்களுக்கு முன் ஒரு மதியம் உன் மகள் ஃபரீதா பிடோக்கிலிருந்து வந்தாள். நீ உட்கார்ந்த நாற்காலியைத் துணியால் துடைத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மாமா, சாப்பிட்டீங்களா?"

"நேத்து ஒரு யானையைச் சாப்பிட்டேன்மா. இன்னும் செரிக்கல."

"பொய். சட்டை தொளதொளன்னு கிடக்கு." பார்வை அலமாரிக்கு மேலே போயிற்று. "அது என்ன மாமா, பெட்டி பெட்டியா?"

என்ன சொல்வேன்? ஒன்றையும் பிரிக்காத அட்டைப்பெட்டிகள். பக்கவாட்டில் உன் கையெழுத்தில் பெரிதாக, 'லிஃப்ட் நிற்காத மாடி'. நீ உன் வாழ்நாளில் எழுதிய ஒரே நாவல், உன் காசிலேயே அச்சடித்தது.

"அத்தா புக்கா? எல்லாமேவா? ஒண்ணுகூட விக்கலையா?"

"மேசையில வெச்சாத்தானே விக்கும். வைக்கவே விடல உங்க அத்தா. கண்ணாடிக்காரன் தன் கண்ணைத் தானே டெஸ்ட் பண்ணக் கூடாதுன்னு சொல்லிட்டான்."

"அதுக்குப் பேரு பயம் மாமா."

நான் வாயை மூடிக்கொண்டேன். நான்! என் வரலாற்றிலேயே பொன்னெழுத்துகளில் பொறிக்க வேண்டிய சம்பவம்.

"மேசையில வைங்க" என்றாள். "மத்த புக்குக்கு என்ன ரூலோ அதே ரூல். அத்தா புக்குன்னு ஸ்பெஷலா ஒண்ணும் வேணாம்."

"மூணு பேர் குடிச்சு முடிச்சிட்டா?"

"கீழ தட்டுக்குப் போகட்டும். யாராச்சும் எடுத்துட்டுப் போவாங்க. பெட்டிக்குள்ள கிடக்கறதுக்கு அது பெட்டர் லா." எழுந்து போகும்போது படிக்கட்டில் நின்று திரும்பினாள். "ஆனா சீட்டிங் கிடையாது மாமா. உங்களை எனக்குத் தெரியும். சத்தியம் பண்ணுங்க."

மீசையின் மேல் சத்தியம் செய்தேன். செய்துவிட்டேனே தவிர, அவள் போன பிறகு அந்தப் பெட்டிகளைத் திரும்பத் திரும்ப எண்ணினேன். உன் சட்டைகளை உன் தம்பி எடுத்துக்கொண்டான். உன் பேனாவை ஃபரீதா எடுத்துக்கொண்டாள். அந்தப் பெட்டிகளும் படியிறங்கிவிட்டால் இந்த அறையில் நீ எங்கே இருப்பாய்? கண் அட்டையின் கடைசி வரியிலா? அந்த வரி என் கண்ணுக்குத் தெரியாது என்பது உனக்கே தெரியும்.

இருந்தாலும் ஒரு பெட்டியைப் பிரித்து மேசையில் வைத்தேன்.

உன் முதல் அத்தியாயத்தைப் பற்றி உன்னிடம் நேரில் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். பழைய வீவக அடுக்குமாடி புளோக் ஒன்றில் ஒரு பெண் லிஃப்ட்டுக்குக் காத்திருக்கிறாள். எட்டுப் பக்கம் காத்திருக்கிறாள். லிஃப்ட் வரவில்லை. வந்தாலும் அது அவள் மாடியில் நிற்காது, அந்தக் காலத்து லிஃப்ட்டுகள் சில மாடிகளில் மட்டும்தான் நிற்கும். இதை வைத்துக்கொண்டு சூடான காப்பியை ஜெயிக்க வேண்டும்!

முதலில் வந்து உட்கார்ந்தவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். மூன்றாம் பக்கத்தில் கோப்பையை வைத்தார். உள்ளே நுரைகூட மிஞ்சவில்லை. "நல்ல நடைதான். ஆனா இந்தம்மா எப்பத்தான் சார் லிஃப்ட்ல ஏறுவாங்க?" என்றார். அடுத்து பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு பெண். போனை ஒரு கையிலும் உன்னை ஒரு கையிலும் வைத்துக்கொண்டிருந்தாள், மூன்று மிடறில் முடித்துவிட்டாள். "அங்கிள், காப்பி செம சூப்பர்" என்றாள். ஆயிரம் கல்யாணங்களில் பாராட்டு வாங்கியவன் நான். இப்படி ஒரு பாராட்டு என்னை அடித்துப் போட்டதில்லை.

அடுத்த ஆளின் காப்பியில் ஒரு பிடி உப்பைப் போட்டுவிட்டால் என்ன என்று யோசனை வந்தது. வந்ததைச் சொல்கிறேன், போடவில்லை. மீசை இன்னும் முகத்தில்தான் இருக்கிறது. போடாமல் வேறொன்று செய்தேன். உன் புத்தகத்தை எடுத்துப் பழையபடி பெட்டிக்குள் வைத்துவிட்டேன். "மூணாவது ஆள் வந்தாச்சா மாமா?" என்று ஃபரீதா செய்தி அனுப்பும்போதெல்லாம், கடையில் ஒரே கூட்டம், நெரிசலில் ஜன்னல் உடைந்துவிட்டது என்று பதில் போட்டேன். நீ ஏன் பயந்தாய் என்று எனக்கு இப்போதுதான் புரிந்தது. நீயும் நானும் சேர்ந்து போட்ட சட்டம், எத்தனை பேர் புத்தகத்தைச் சிரித்துக்கொண்டே கீழே அனுப்பினோம்!

பிறகுதான் இந்த மழை வந்தது.

மதியம். நாற்பது வயது இருக்கும், ஒரு பெண் தலையைத் துவட்டிக்கொண்டே படியேறி வந்தார். சூட்கேஸின் சக்கரம் உடைந்துவிட்டதாம், கீழே மாட்டிக்கொண்டிருக்கிறார்களாம். "மேல ஒரு அங்கிள் இருக்காரு, சும்மாவே காப்பி குடுப்பாருன்னு சொன்னாங்க" என்றார். என் இலக்கிய சேவைக்குச் சந்து வைத்திருக்கும் பெயரைப் பார்த்தாயா?

பெயர் மாலதி, புக்கிட் மேராவில் வீடு. கண் அட்டைக்கு முன்னால் நின்று கடைசி வரிவரை படித்துக் காட்டிவிட்டு அலமாரிக்கு மேலே நிமிர்ந்தார். "லிஃப்ட் நிற்காத மாடி" என்று எழுத்துக்கூட்டி வாசித்துச் சிரித்தார்.

"அது என்ன அங்கிள், எங்க வீட்டைப் பத்தி எழுதி வெச்சிருக்கீங்க? எங்க பழைய புளோக்ல நாங்க நாலாவது மாடி. லிஃப்ட் அஞ்சுலதான் நிக்கும். அம்மா மார்க்கெட் பையைத் தூக்கிட்டு அஞ்சுக்குப் போய் ஒரு மாடி இறங்கி வருவாங்க. எடுங்க, பாக்கறேன்."

"அது வேண்டாம்மா. துப்பறியும் கதை இருக்கு, ஒரு பக்கத்துக்கு ஒரு கொலை. பிரியாணி புத்தகம் இருக்கு, தொட்டாலே மணக்கும்."

"எனக்கு அதுதான் வேணும் அங்கிள்."

என்ன செய்வேன்? வாடிக்கையாளர் கேட்டதை எடுத்துக் கொடுக்க வேண்டும், அதுவும் சட்டம். இறக்கினேன். அவர் உன் நாற்காலியில் உட்கார்ந்ததும் காப்பி வைத்தேன். சட்டத்தைச் சொன்னேன். "ஆ, ஓகே ஓகே" என்று பாதிதான் காதில் வாங்கினார்.

மீரானே, அவர் படித்த விதத்தை நீ பார்த்திருக்க வேண்டும். வரிக்கு அடியில் விரலை வைத்து, உதடு அசைய, ஒவ்வொரு சொல்லையும் தட்டிப் பார்த்துப் படித்தார். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு தமிழ்ப் புத்தகத்தைத் தொட்டதே இல்லை போலிருக்கிறது. முதல் பக்கம் முடியவில்லை, கோப்பை பாதி. இரண்டாம் பக்கம் திரும்பவில்லை, கோப்பை காலி. அடிவரைக்கும் காலி.

நான் எழுந்தேன். மேடையில் எவ்வளவோ தீர்ப்புகளை அறிவித்திருக்கிறேன். இதைக் கையாலேயே சொல்லிவிடப் பார்த்தேன். புத்தகத்தை எடுக்கக் கையை நீட்டினேன். அவர் தலையைத் தூக்காமலே வெறும் கோப்பையை என் கையில் வைத்தார்.

"இன்னொண்ணு கிடைக்குமா அங்கிள்?"

"அம்மா, கோப்பை முடிஞ்சா புத்தகம் இல்லை. சட்டம் அப்படி."

"காப்பிக்கும் புக்குக்கும் என்ன அங்கிள் சம்பந்தம்? முதல் காப்பி சும்மா குளிருக்குக் குடிச்சது. மழையில நனைஞ்சுட்டு வந்திருக்கேன். ரெண்டாவது வெச்சாத்தான் எனக்கு ஒரு இடத்துல உக்காரவே வரும்." அப்போதுதான் நிமிர்ந்தார். "குடுங்க லா. இப்பத்தான் அந்தப் பொம்பள பையைக் கீழ வெச்சிருக்கா."

நம் கடை திறந்த நாளிலிருந்து யாரும் இரண்டாவது காப்பி கேட்டதில்லை. கேட்கும்படி நாம் விட்டதும் இல்லை.

கோப்பையை எடுத்துக்கொண்டு அடுப்பு மூலைக்குப் போனேன். பில்டரின் அடியில் டிகாஷன் இருந்தது. தினமும் மிஞ்சும் பாதி, உன் பாதி. அதைப் பார்த்தபடி நின்றேன். எவ்வளவு நேரமென்று கேட்காதே, பால் பொங்கி அடுப்பில் வழிந்துவிட்டது.

மச்சான், நாம் இருவரும் எப்பேர்ப்பட்ட மேதாவிகள்! எந்தக் கோப்பையைப் பார்த்துச் சட்டம் போட்டோம்? நீ நின்றபடி மடக்மடக்கென்று குடித்த முதல் கோப்பையையா? ஆடை கட்டியது எப்போதும் உன் இரண்டாவது கோப்பையில் அல்லவா? அதைப் பார்த்துச் சட்டம் செய்துவிட்டு, வந்தவர்களுக்கெல்லாம் முதல் கோப்பையை மட்டும் கொடுத்துத் தீர்ப்பு சொல்லியிருக்கிறோம். ஊர்ப் புழுக்கத்திலிருந்தும் மழையிலிருந்தும் வேலையிலிருந்தும் படியேறி வருகிறவன் வந்து சேரவே ஒரு காப்பி வேண்டாமா? உனக்கு வேண்டியிருந்ததே! உன் நாவலின் ஒவ்வொரு வரியும் இரண்டாவது காப்பியில் எழுதியது. அதை முதல் காப்பியில் படித்தால் லிஃப்ட் எப்படி வரும்?

உன் பங்கு டிகாஷனை ஊற்றினேன். பால் விட்டு ஆற்றி, கொண்டுபோய் அவருடைய இடது கைப்பக்கம் வைத்தேன். உன் நாற்காலிக்கு எதிரே என் நாற்காலியில் உட்கார்ந்தேன். கோப்பையைப் பார்த்தேன்.

ஆவி நின்றது. ஓரத்தில் வளையம் விழுந்தது. அவர் விரல் நகர்ந்தது. வெளியே மழை, மின்விசிறி இல்லை இல்லை என்றது. அந்த அறையில் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு இன்னொருவர் மூச்சுவிடும் சத்தம். பக்கம் புரளும் சத்தம். ஒருமுறை தானாகச் சிரித்துக்கொண்டார். எந்த இடம் என்று எட்டிப் பார்க்கத் துடித்தேன், அசையவில்லை. கோப்பையில் மெல்ல ஆடை கட்டியது.

"அக்கா, வீல் மாட்டியாச்சு!" என்று கீழேயிருந்து சூட்கேஸ்காரர் கத்தினார். மாலதி தலையைத் தூக்காமல் ஒரு கையை மட்டும் உயர்த்தி, பொறு என்பதுபோல் காட்டினார். கீழே இருப்பவருக்கு அது எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்தது.

அத்தியாயம் முடிந்ததும் நிமிர்ந்தார். "இவ கடைசிவரைக்கும் லிஃப்ட்ல ஏறவே இல்லையே அங்கிள்."

"ஏற மாட்டாம்மா."

"தெரியும். எங்க அம்மாவும் கடைசியில படியிலதான் போவாங்க. மிச்சத்தை வீட்டுல படிக்கறேன்." பிறகுதான் காப்பியைப் பார்த்தார். "ஐயோ, வேஸ்ட் ஆயிடுச்சே."

"இல்லம்மா" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்ல முடியவில்லை. இது பொன்னெழுத்துகளில் இரண்டாவது.

உன் நாவல் படியிறங்கியது, மச்சான். மரத்தட்டைத் தாண்டிப் போயிற்று. மாலதி அதைப் புதுச் சக்கரம் மாட்டிய காலி சூட்கேஸுக்குள் வைத்துப் பூட்டினார். அவ்வளவு பெரிய பெட்டிக்குள் நீ மட்டும்! உன் முதல் பயணம், புக்கிட் மேராவுக்கு. ஜன்னலில் நின்று பார்த்தேன். சந்து திரும்பும்வரை சக்கரச் சத்தம் கேட்டது. காலிப் பெட்டியின் சத்தம் எனக்குத் தெரியும். இது காலி இல்லை.

ஃபரீதாவுக்கு உடனே போன் செய்து நடந்தது முழுவதையும் சொன்னேன். கொஞ்சமும் பெரிதாக்காமல் சொன்னேன், நம்பு.

"மாமா, அது சீட்டிங்" என்றாள்.

"தெரியும்மா."

"மீசை?"

"எடுத்துடறேன்."

"ரெண்டாவது காப்பியில நெஜமா ஆடை கட்டுச்சா?" என்றாள்.

"கட்டுச்சு."

"எவ்ளோ திக்கா?"

"அதுமேல லாரியே போகலாம்."

சிரித்தாள். அவளும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. "அத்தா ரெண்டு காப்பி குடிப்பாங்கல்ல மாமா" என்றாள் கடைசியில். "மீசை இருக்கட்டும்."

அவள் தீர்ப்பு சொல்லிவிட்டாள். நீ என்ன சொல்கிறாய்? நான் செய்தது நியாயமா, இல்லை உன்னை இந்த அறையிலேயே வைத்துக்கொள்ளச் சட்டத்தை வளைத்தேனா? இரண்டாவது காப்பி கொடுத்தால் வருகிறவர் இன்னும் கொஞ்ச நேரம் உட்காருவார் என்பது என் மூளைக்கு எட்டவில்லை என்று சொன்னால் மின்விசிறிகூட நம்பாது. நியாயத்துக்காகப் போட்ட காப்பி எவ்வளவு, துணைக்காகப் போட்ட காப்பி எவ்வளவு? டிகாஷனையும் பாலையும் கலந்த பிறகு பிரிக்கச் சொன்னால் எப்படி?

ஆனால் ஒன்று. வங்கிப் பெரியவரின் எண் என்னிடம் இருக்கிறது. அந்த மாணவியையும் தேடிப் பிடித்துவிடுவேன். இருவரையும் கூப்பிட்டு, "நீங்கள் இன்னும் வந்து சேரவில்லை, எங்களிடம் உங்களுக்கு இன்னொரு காப்பி இருக்கிறது" என்று சொல்லப் போகிறேன். பைத்தியம் என்று நினைப்பார்கள். நினைக்கட்டும், படியேறி வந்து நினைக்கட்டும். மரத்தட்டில் மிச்சம் கிடக்கும் புத்தகங்களையும் மேலே கொண்டுவந்துவிட்டேன். அவற்றுக்கும் மறுவிசாரணை உண்டு. என் முட்டி உன் முட்டியாகிவிட்டது.

இன்றைக்கும் மழை விடவில்லை. இதை எழுத உட்கார்ந்தபோது எனக்கென்று ஒரு காப்பி போட்டு வைத்துக்கொண்டேன். உன்னிடம் பேசுகிற மும்முரத்தில் பாதியிலேயே கை போய் அதைக் குடித்துத் தீர்த்துவிட்டேன். நீயாக இருந்தால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பாய். நான் கிழிக்க மாட்டேன். இது முதல் கோப்பைக் கடிதம்தான், இன்னும் உன்னிடம் வந்து சேரவில்லை. பில்டரில் மிச்சம் இருக்கிறது.

ஆகவே உனக்கு ஒரு வாக்கு. அண்டசராசரங்களையும் சாட்சிக்குக் கூப்பிட ஆசைதான், இந்த ஒருமுறை சாதாரணமாகவே சொல்கிறேன். உன் பாதி டிகாஷனை இனி தொட்டியில் கொட்ட மாட்டேன். யாராவது படியேறி வருவார்கள். வராத நாளில் நானே உன் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, உன் இரண்டாவது அத்தியாயத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அது ஆறும்வரை காத்திருப்பேன்.

உன் மகளுக்கு மாமனும், உன் புத்தகத்துக்குக் காவலாளியும், உனக்கு எந்நாளும் மச்சானுமான
சொக்கு